அருவி நீரும் சம்பள நாளும்

மேனாட்டு நகரங்களிலே இக்காலத்தில் ஒரு புதுவகைச் சுற்றுலா பரவியிருக்கிறது. நகரத்துச் சிறு பியர்ச்சாலைகளை, தமக்கெனத் தனியாக ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு, நான்கைந்து பேராகச் சென்று பார்வையிடுவதே அது. கொப்பரைகளைக் காட்டுவார்கள், தானியத்தை உள்ளங்கையில் அள்ளித் தருவார்கள், ஈற்றில் சிறு கிண்ணங்களில் ஊற்றிச் சுவை பார்க்கவும் கொடுப்பார்கள். விடுமுறைக்கு மலைநாடு வரும் உறவினர் சிலர் இப்பழக்கத்தோடு வந்து, "உங்கள் நுவரெலியாவிலும் பியர் செய்தார்களாமே, அந்த இடத்தைப் பார்க்கலாமா?" என்று வினவுகின்றனர்.

குடும்பப் பகுதியில் இதென்ன பேச்சு என்று சகோதரிகள் முகஞ்சுளிக்க வேண்டாம். நாம் எவரையும் குடிக்க அழைக்கவில்லை, பார்க்கவே அழைக்கிறோம். ஒரு தொழிலைப் பார்ப்பதானால், வழிகாட்டி நிறுத்துகிற இடத்தில் நாமும் நின்றுவிடாமல், அதற்கு அப்பாலும் சென்று பார்க்கவேண்டும் என்பதே நம் கருத்து. இவ்வாரம் வாசகர்களுக்கு நாமே வழிகாட்டியாகிறோம்.

முதலில் நீரிடம் போவோம். இலங்கையின் மிக உயர்ந்த மலை பீதுருதாலகாலை. 2,524 மீட்டர் உயரமுடையது. அதன் அடியிலே, பீட்ரூ தோட்டத்துக் கொழுந்து மலைகளுக்கு அருகே, லவர்ஸ் லீப் என்னும் அருவி சுமார் 30 மீட்டர் உயரத்திலிருந்து வெண்ணூலாய் இறங்குகிறது. காதலர் இருவர் அங்கிருந்து குதித்து உயிர்விட்டனர் என்று ஒரு கதை உண்டு. கதையை நம்பினும் நம்பாவிடினும், அந்த நீரின் தூய்மையை எவரும் மறுப்பதில்லை. நுவரெலியாவின் பழைய பியர்ச்சாலை இந்த நீரை நாடியே அதன் அயலில் அமைந்திருந்தது. பியரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீர்தானே! நல்ல நீர் கிடைக்குமிடத்தைத் தேடுவது அத்தொழிலின் முதற்பாடம்.

இங்கே முதன்முதல் பியர் காய்ச்சியவராகச் சொல்லப்படுபவர் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர். யானை வேட்டைக்காக இலங்கை வந்து, காய்ச்சலில் விழுந்து, உடல்தேற நுவரெலியாவுக்கு வந்தவர் அவர். இம்மலையின் குளிர்ச்சியில் மயங்கி, இங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே அமைத்துவிடுவது என்று 1848இல் குடியேறினார். கொல்லன் முதலாகப் பண்ணையாட்களையும், மாடுகளையும், விதைகளையும், குதிரை வண்டியையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். வண்டி றம்பொடைக் கணவாயில் உருண்டு பள்ளத்தில் வீழ்ந்தது. முதல் விளைச்சலைப் புழுவும் காட்டு விலங்கும் பங்கிட்டுக் கொண்டன. ஆயினும் மனிதர் தளரவில்லை. 1849இல் அவர் தொடங்கிய சிறு பியர்ச்சாலையே பின்னர் வளர்ந்த தொழிலுக்கு வித்து என்று கூறுவர். 1855இல் அவர் இலங்கையை விட்டுப் போனார். 1864இல் ஆபிரிக்காவிலே அல்பேட் ஏரியைக் கண்டு உலகப் புகழ் பெற்றார்.

ஒன்றை இங்கே கவனிக்கவேண்டும். 1849இல் இம்மலைகளில் தேயிலைத் தோட்டம் கிடையாது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் வர்த்தகத்துக்காகத் தேயிலை பயிரிட்டது 1867இலேதான். ஆகவே பேக்கர் காலத்துப் பியரை அருந்தியவர்கள் கோப்பித் தோட்டத்துத் துரைமார்கள். அந்தக் கோப்பிச் செடிகளுக்கு உரமாக உழைத்தவர்கள், தமிழகத்திலிருந்து கால்நடையாகக் காடு கடந்து வந்த நம் முன்னோர்கள்.

இனிச் செய்முறைக்கு வருவோம். அடுப்படியை ஆளும் வாசகிகளுக்கு இது மிக எளிதாக விளங்கும். இதில் அவர்கள் அறியாத வேலை ஒன்றுகூட இல்லை.

குரக்கனை ஊறவைத்து, துணியில் முடிந்து, முளைகட்டி, காயவைத்து இடித்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறோம். முளைகட்டிய தானியம் இனிக்கிறதே, ஏன்? முளைக்கும் விதை, தன்னிடமுள்ள மாப்பொருளை வெல்லமாக மாற்றுவதற்கான நொதியங்களைத் தானே உண்டாக்கிக் கொள்கிறது. பியர் செய்பவர் பார்லிக்கு இதையே செய்கிறார். முளை கண்டதும் சூடேற்றி உலர்த்தி, அதற்கு மேல் வளரவிடாமல் நிறுத்துகிறார். அதற்கு மோல்ட் என்று பெயர். மோல்ட்டை நொறுக்கி ஏறக்குறைய 65 பாகைச் சூட்டு நீரில் ஒரு மணி நேரம் வைத்தால், மாப்பொருள் வெல்லமாகி இனிப்புக் கஷாயம் ஒன்று கிடைக்கிறது. இதை வடித்து, ஹொப்ஸ் என்னும் கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்கவைக்கிறார்கள். வேப்பம்பூ இரசத்திற்குக் கைப்புத் தருவதுபோல், இந்தப் பூ பியருக்குக் கைப்பும் மணமும் தருகிறது, கெட்டுப்போகாமலும் காக்கிறது. வடித்த சக்கை மாட்டுத் தீவனமாகும்.

கொதித்ததை ஆறவைத்து மதுவத்தைச் சேர்ப்பது அடுத்த படி. பாணுக்குப் பிசைந்த மாவை உப்பச் செய்கிற அதே மதுவந்தான். அது வெல்லத்தைத் தின்று, மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் வெளிவிடுகிறது. பாணிலே வாயு மாவை உப்பச் செய்கிறது. மதுசாரம் போறணைச் சூட்டில் ஆவியாகிவிடுகிறது. பியரிலோ இரண்டும் தங்கிவிடுகின்றன. நுரை வாயுவின் வேலை. மயக்கம் மதுசாரத்தின் வேலை.

தேயிலைத் தோட்டத்து ஸ்டோரிலும் "புளிக்க வைத்தல்" என்று ஒரு படி உண்டென்று வாசகர் நினைவூட்டலாம். பெயர் ஒன்றாயினும் செயல் வேறு. அங்கே மதுவத்துக்கு வேலை இல்லை. கசக்கப்பட்ட கொழுந்தின் சாறு காற்றோடு கூடிச் செந்நிறமாகிறது. வெட்டி வைத்த வாழைக்காய் கறுப்பது போன்ற செயல் அது. ஆகவே தேநீர் எவரையும் மயக்குவதில்லை.

ஏன் இத்தொழில் கொழும்பிலே தொடங்காமல் குளிர்மலையிலே தொடங்கிற்று? இதற்கும் நம் அடுப்படியிலேயே விடையுண்டு. கொழும்பில் இரவு கரைத்துவைத்த தோசைமா விடியுமுன் பொங்கி வழிகிறது. நுவரெலியாவில் அதே மாவை அடுப்பு மேடையின் ஓரத்தில் வைத்துச் சாக்கால் போர்த்தினாலும், விடியற்காலையில் அசைவற்றுக் கிடக்கிறது. வெப்பத்தில் நுண்ணுயிர்கள் விரைந்து வேலை செய்யும். வேண்டாத கிருமிகளும் புகுந்து புளிப்பேற்றும். குளிரில் எல்லாம் நிதானமாக நடக்கும். மதுவம் வேலை செய்வதற்கு, ஒருவகைப் பியருக்கு ஏறக்குறைய 20 பாகையும், லாகர் என்னும் வகைக்கு ஏறக்குறைய 10 பாகையும் ஏற்றவை. குளிரூட்டும் எந்திரம் பரவாத காலத்தில், வெப்ப நாடுகளில் மலைதான் குளிரூட்டி. அதனாலேதான் இமயமலைச் சாரலில் கசௌலியிலும், பின்னர் மறீ மலையிலும், தெற்கே நீலகிரியிலும் ஆங்கிலேயர் பியர்ச்சாலைகளை அமைத்தனர். 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவையும் அவ்வாறே தேர்ந்தனர். இந்த உயரத்தில் நீர் 100 பாகைக்குக் காத்திராமல் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். நம் பருப்பு வேகச் சுணங்குவதற்குக் காரணமும் இதுவே.

நுண்ணுயிரைப் பற்றிய அறிவு வளர்ந்ததற்கும் பியருக்கும் நெருங்கிய தொடர்புண்டு. பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்டர் 1876இல் பியரைப் பற்றியே தனிநூல் ஒன்று வெளியிட்டார். கொப்பன்ஹேகனிலே கார்ல்ஸ்பெர்க் ஆய்வுகூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன், ஒரே மதுவக் கலத்திலிருந்து தூய மதுவத்தைப் பெருக்கும் முறையை 1883இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். தொழிற்சாலைகள் தோன்றுமுன்னர் ஐரோப்பாவிலே பியர் காய்ச்சுவது பெரும்பாலும் இல்லத்தரசியின் வேலையாகவே இருந்தது. பாண் சுடுவதும் பியர் வடிப்பதும் ஒரே கையின் இரு தொழில்கள். இலாபம் பெருகியபோது அத்தொழில் அவர்கள் கையைவிட்டுப் போயிற்று.

நுவரெலியாவில் இத்தொழில் 1881இல் வர்த்தக அளவில் வளர்ந்தது. கோப்பியை இலைநோய் அழித்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. 1885இல் புகையிரதம் நானுஓயாவை எட்டியது. 1911இல் இலங்கை பியர்க் கம்பெனி பதிவாயிற்று. லயன், அதாவது சிங்கம், என்னும் பெயரில் வெளியான அதன் பானங்களுள் ஸ்டவுட் எனும் கரிய பியர் தனிப்புகழ் பெற்றது. தானியத்தைக் கோப்பிக்கொட்டை போலக் கருக வறுப்பதால் அதற்கு அந்த நிறமும் கோப்பியை ஒத்த சுவையும் வருகின்றன. கோப்பி அழிந்த மலையிலே கோப்பியின் சாயல் கொண்ட பானம் புகழ்பெற்றது விந்தையே! பாடகரின் பெயரையே கொண்ட மைக்கல் ஜாக்சன் என்ற ஆங்கில எழுத்தாளர், பியரைப் பற்றி எழுதுவதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர். அவர் இந்தக் கரிய பியரைப் பாராட்டி எழுதியதால் மேனாட்டிலும் அதைத் தேடுவோர் உண்டாயினர்.

ஆனால் குளிரூட்டும் எந்திரம் வந்தபின் மலையின் தேவை குறைந்தது. பார்லியும் ஹொப்ஸும் கப்பலில் கொழும்புக்கு வந்து மலையேறவேண்டும். நிரம்பிய போத்தல்கள் மீண்டும் மலையிறங்கவேண்டும். 1998இல் கொழும்புக்கு அருகே பியகமவில் புதிய ஆலை இயங்கத் தொடங்கியது. நுவரெலியாவின் நெடுங்கால உற்பத்தி அங்கே பெயர்ந்தது. நீரைத் தேடி மலையேறிய தொழில் சமவெளிக்கு இறங்கிற்று. 2016ஆம் ஆண்டு மே மாத வெள்ளத்திலே நீரே அந்த ஆலையைத் தேடி வந்து, பல மாதம் வேலையை நிறுத்திவைத்தது. ஆகவே உறவினருக்கு நாம் கூறும் விடை இது: நுவரெலியாவில் அருவியைக் காணலாம், மலையைக் காணலாம், வரலாற்றைக் கேட்கலாம், அன்று புகைந்த கொப்பரைகளைக் காண இயலாது.

மேனாட்டு வழிகாட்டி இந்த இடத்தில் கிண்ணத்தை நீட்டிச் சுற்றுலாவை முடித்துக்கொள்வார். நாம் இன்னும் சிறிது தூரம் நடக்கவேண்டும். நாம் போகவேண்டியது லயத்துக்கு.

வெள்ளையர் ஆட்சியில் இம்மலைகளில் குடிப்பதற்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று, 1876இல் நுவரெலியாவில் தோன்றிய ஹில் கிளப் போன்ற துரைமாரின் கழகங்களின் வாசல். மற்றது, தோட்டத்துப் பாதை முடிகிற இடத்தில் இருந்த தவறணையின் வாசல். போத்தற் பியர் பெரும்பாலும் முதல் வாசலுக்குரியது. கள்ளும் சாராயமும் இரண்டாவதற்குரியவை. இரண்டாவது வாசலிலிருந்து அரசாங்கத்துக்கு வந்த வரும்படி பெரிது. 1912இல் தவறணைகள் பெருகும் நிலை வந்தபோது நாடெங்கும் மதுவிலக்கு இயக்கம் கொதித்தெழுந்தது. பின்னாளில் சுதந்திர இலங்கையின் முதற் பிரதமரான டி. எஸ். சேனநாயக்க முதலியோர் பொதுவாழ்வில் அடியெடுத்து வைத்தது அந்த இயக்கத்திலேதான். மதுக்கேள்வி இந்நாட்டில் என்றுமே அரசியற் கேள்வியாகவும் இருந்துவந்தது.

பெண்களைப் பற்றியும் சட்டம் பேசிற்று. பெண்ணுக்கு மது விற்கலாகாது என்ற விதி 1979இல் வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் அதை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி அந்த நீக்கத்தையே மீளப் பெறச் செய்தார். அவ்வேளை பத்திரிகைகளில் வாதப் பிரதிவாதங்கள் நடந்தன. பெண் மது வாங்கலாமா என்று பேசியவர் பலர். பெண்ணின் உழைப்பிலே மது வாங்கப்படுவதைப் பற்றிப் பேசியவர் எத்தனை பேர்?

மலையகத்தில் கேட்கவேண்டிய கேள்வி இதுவே என்பது நம் கருத்து. கொழுந்து பறிப்பவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். காலைப் பிரட்டுக்குப் போனவள், அட்டைக்கடியும் மழையும் பொறுத்து, மாலை நிறுவை முடிந்தே திரும்புகிறாள். திரும்பியதும் விறகு, நீர், உலை, பிள்ளைகள். 1984இல்தான் தோட்டத்துப் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்தது. ஆனால் கணக்கில் சமமாக ஏறிய சம்பளம் அவள் கைக்கு வந்ததா? அவள் மலையில் நிற்கும்போது அவள் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ சென்று வாங்கிவரும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவிற்று. ஸ்டோரிலிருந்து லயத்துக்கு வரும் வழியில் தவறணை இருந்தால், அந்தப் பணம் முழுமையாக வீடு வந்து சேருமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயென வர்த்தமானியில் வந்தது. 2024இல் அது 1,350 ரூபாயாயிற்று. அந்த 1,350 ரூபாயை வைத்தே 25 நாள் வேலைக்குக் கணக்கிட்டால் 33,750 ரூபாய். சேமலாப நிதி முதலிய கழிவுகள் இதிலிருந்தே போகவேண்டும். வீட்டில் ஒருவர் நாளொன்றுக்கு 500 ரூபாயைக் குடிக்குச் செலவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 25 நாளில் 12,500 ரூபாய். அதாவது, ஒன்பது நாளுக்கு மேற்பட்ட கொழுந்து! ஒன்பது நாள் ஒருத்தி மலையேறி இறங்கியது ஒரு கிண்ணத்துக்குள் கரைந்துபோகிறது. பிள்ளையின் சப்பாத்தும் அப்பியாசப் புத்தகமும் அந்த ஒன்பது நாளுக்குள்தான் இருந்தன.

குடிப்பவரை ஏசுவதால் பயன் விளையும் என்று நாம் எண்ணவில்லை. பத்தடி அறையிலே குடும்பம் முழுவதும் ஒடுங்கி வாழும் வாழ்வு, முதுகொடியும் வேலை, மாலையில் போக வேறிடம் இல்லாமை ஆகியவை மனிதனைத் தவறணைப் பக்கம் தள்ளுகின்றன. வாசிகசாலையும் விளையாட்டு மைதானமும் இல்லாத தோட்டத்தில் உபதேசம் மட்டும் எடுபடாது. ஆயினும் இரண்டு பொய்களையேனும் நாம் வீட்டிலிருந்து விரட்டலாம்.

முதற்பொய், "குளிருக்கு இதமாகக் குடிக்கிறோம்" என்பது. மது அருந்தினால் தோலின் குருதிக் குழாய்கள் விரிகின்றன. உள்ளே இருந்த சூடு தோலுக்கு வந்து வெளியேறுகிறது. உடல் சூடாவதுபோற் தோன்றும். உண்மையில் சூட்டை இழக்கிறது. மார்கழிப் பனியில் அட்டனிலோ நுவரெலியாவிலோ குடித்துவிட்டு வெளியில் விழுந்து கிடப்பவருக்கு இதனால் உயிராபத்தும் நேரலாம். குளிருக்கு இதம் சூடான தேநீரும் கம்பளியுமே.

இரண்டாம் பொய், "பியர்தானே, ஒன்றும் செய்யாது" என்பது. 625 மில்லிலீட்டர்ப் போத்தலில் நூற்றுக்கு 8 பங்கு மதுசாரமுள்ள கடும்பியர் இருந்தால், அதிலுள்ள மதுசாரம் 50 மில்லிலீட்டர். மூன்றில் ஒரு பங்கு மதுசாரமுள்ள சாராயம் கால் போத்தலில், அதாவது 180 மில்லிலீட்டரில், 60 மில்லிலீட்டர் இருக்கிறது. இரண்டுக்கும் பெரிய தூரம் இல்லை. எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானதன்று என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே கூறிவிட்டது.

இனி, வெளிநாட்டிலோ உள்நாட்டிலோ பியர்ச்சாலை ஒன்றைப் பார்க்கப் போகிறவர்கள் போகட்டும். முளைகட்டிய பார்லியைக் கையில் எடுத்து முகரட்டும். மதுவத்தின் வேலையைப் பிள்ளைகளுக்கு விளக்கட்டும். அறிவு எங்கிருந்து வந்தாலும் நன்றே. ஆனால் வழிகாட்டியிடம் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். இந்த நீர் எங்கிருந்து வருகிறது, கழிவு நீர் எங்கே போகிறது? இங்கே உழைப்பவர் யார், அவர் பெறும் கூலி யாது? இதை வாங்கிக் குடிப்பவர் யார், அவர் வீட்டில் அன்றிரவு உலை கொதிக்கிறதா? தேயிலை ஸ்டோரைச் சுற்றிப் பார்த்து, ஈற்றில் ஒரு கோப்பைத் தேநீர் பருகித் திரும்புகிற விருந்தினரும் இதே கேள்விகளைக் கேட்டால் நன்று. எந்திரத்தைப் பார்த்தவர்கள் பலர். கூடை சுமந்த முதுகைப் பார்த்தவர்கள் சிலரே.

நம் இல்லங்களுக்கோ ஒரே ஒரு வேண்டுகோள். உழைத்தவள் சம்பளம் உழைத்தவள் கைக்கு வரட்டும். அவள் பெயரிலேயே வங்கிக் கணக்கொன்று இருக்கட்டும். புத்தகமும் அட்டையும் அவளிடமே இருக்கட்டும். சம்பள நாளன்று கணவனும் மனைவியும் ஒன்றாக அமர்ந்து, அரிசி, மா, பள்ளிச் செலவு, மருந்து, சேமிப்பு என்று பகுத்து எழுதட்டும்; எழுத்தறியாத தாய்க்குப் பள்ளி செல்லும் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். குடிப்பவருக்கும் அந்த ஏட்டில் ஒரு வரி ஒதுக்கி, அதற்கு எதிரே உண்மைத் தொகையை எழுதச் சொல்லுங்கள். ஆயிரம் புத்திமதிகள் சொல்லாததை அந்த ஒரு வரி சொல்லும்.